ஏறாத மலைக்கு எதற்கு அவர் பெயர்?

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, உட்கார இடமில்லாமல் ஓரமாக நிற்கும் பெரியவர்களே, வணக்கம்.

‘சிகரத்துக்கு மனிதன் பெயர்: மரியாதையா, மமதையா?’ மரியாதையே என்பது எங்கள் அணி. அதற்கு ஏழெட்டுக் காரணங்கள் எழுதி வந்தேன். ஆனால் எதிரணித் தம்பி ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதைத் தொடாமல் நகர்ந்தால் நீங்களே என்னை விடமாட்டீர்கள்.

என்ன சொன்னார்? “நேபாளத்தில் 7,916 மீட்டர் மலைக்கு டென்சிங் சிகரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எவரெஸ்ட் உச்சியை முதலில் தொட்ட இருவரில் ஒருவரான டென்சிங் இந்த மலையில் ஏறவே இல்லை. ஓட்டாத பஸ்ஸில் டிரைவர் பெயரை எழுதுவதா?” கைதட்டலை அள்ளிவிட்டார். நானும் தட்டினேன். நல்ல ஜோக்குக்குக் கட்சி கிடையாது.

சரி தம்பி, எவரெஸ்ட் என்று ஒன்று இருக்கிறதே, அதில் ஜார்ஜ் எவரெஸ்ட் எத்தனை அடி ஏறினார்? ஒரு அடிகூட இல்லை! 1843-லேயே சர்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குப் போய்விட்டார். நம் சென்னை பரங்கிமலைப் பக்கம் 1802-ல் லாம்டன் தொடங்கிய நில அளவை, வடக்கே நகர்ந்து நகர்ந்து இமயமலை வரை போனது. எவரெஸ்டுக்கு அப்போது ‘பதினைந்தாம் எண் சிகரம்’ என்றுதான் பெயர்; அதன் உயரத்துக்கு மண்டையை உடைத்துக்கொண்டு கணக்குப் போட்டவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. பெயர் மட்டும் ஓய்வுபெற்ற துரைக்கு! பாவம், அவரே வேண்டாம் என்றுதான் சொன்னார். கேட்டார்களா? 1865-ல் வைத்தேவிட்டார்கள். ஏறாதவர் பெயரை ஒன்றரை நூற்றாண்டாக மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினோமே, அப்போது இந்த பஸ் எந்த டிப்போவில் நின்றது தம்பி?

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒரே ஒரு கதை ஐயா.

1953, மே 29, காலை பதினொன்றரை மணி. உலகத்தின் உச்சியில் இரண்டே பேர். ஹிலாரி கேமராவை எடுக்கிறார். டென்சிங் பனிக்கோடரியைத் தூக்கிப் பிடிக்கிறார், அதில் நான்கு கொடிகள். கிளிக்! உலகமே பார்த்த படம். இப்போது ஹிலாரியின் படம் எங்கே? இல்லை! நம் ஆள் ஏலகிரிக்குப் போனாலே, வண்டியை நிறுத்துவதற்குள் நாற்பது செல்ஃபி எடுக்கிறான். எவரெஸ்ட் உச்சிக்குப் போன மனிதருக்கு அங்கே ஒரு படம் இல்லை.

ஏன் என்று ஹிலாரியைக் கேட்டார்கள். டென்சிங்குக்குக் கேமரா பழக்கமில்லை, அதைச் சொல்லிக்கொடுக்கிற இடமா அது என்றார். டென்சிங்கைக் கேட்டார்கள். நான் எடுக்கிறேன் என்று சைகை காட்டினேன், அவர்தான் தலையாட்டி மறுத்துவிட்டார் என்றார். மறுபடி சொல்கிறேன், கவனியுங்கள். அவருக்குத் தெரியாது என்கிறார் இவர். இவர்தான் வேண்டாம் என்றார் என்கிறார் அவர். சாட்சிக்கு மூன்றாவது ஆள் கிடையாது! யாரிடம் போய் விசாரிப்பது?

ஆக, படம் டென்சிங்குக்கு. பட்டம்? ஹிலாரி ‘சர்’ ஆனார். கீழே இருந்து மலையேறும் குழுவை நடத்திய ஹண்டும் ‘சர்’ ஆனார். 1935-ல் சுமை தூக்கி முதன்முதலில் எவரெஸ்ட் பக்கம் போய், ஏழாவது பயணத்தில் உச்சியைத் தொட்ட டென்சிங்குக்கு ஜார்ஜ் மெடல். ஹிலாரி மேல் எனக்குக் கோபம் இல்லை. நேபாளத்தின் கும்ஜுங் கிராமத்தில், டென்சிங்கின் ஷெர்பா இனத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டிய மனிதர் அவர். அவர் பெயரிலும் நேபாளத்தில் ஒரு சிகரம் இருக்கிறது, 7,681 மீட்டர். கழித்துப் பாருங்கள். டென்சிங் 235 மீட்டர் கூடுதல்! ராணி கொடுக்காததை நேபாளம் கொடுத்துவிட்டது. தட்டுங்கள் ஐயா, இதற்குத் தட்டாமல் வேறு எதற்குத் தட்டப்போகிறீர்கள்?

உச்சியில் டென்சிங் பனியைத் தோண்டிச் சில மிட்டாய்களைப் புதைத்தார். தெய்வத்துக்குப் படையல். கூடவே சிவப்பும் நீலமுமாக ஒரு பென்சில் துண்டு. இளைய மகள் கொடுத்தனுப்பியது. டென்சிங்குக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கூட வந்தவர்கள் பேசுவதைக் கேட்டே பல மொழிகள் கற்றவர். அவருடைய வாழ்க்கைக் கதையைக்கூட அவர் வாயால் சொல்ல, இன்னொருவர்தான் எழுதினார். பெண்ணின் பென்சிலை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோன தகப்பன், அதால் ஒரு வரி எழுதத் தெரியாதவர். அவர் பெயரை இன்று வரைபடத்தில் அச்சடித்திருக்கிறார்கள். இதையா மமதை என்கிறீர்கள்?

1922-ல் இதே எவரெஸ்டில் பனிச்சரிவு ஏழு சுமைதூக்கிகளை அள்ளிக்கொண்டு போனது. அதில் ஒருவர் பெயராவது இந்தக் கூட்டத்தில் யாருக்காவது தெரியுமா? அவர்களுக்கு ஏழு சிகரம் கேட்டு அடுத்த பட்டிமன்றம் வையுங்கள் நடுவரே. பஸ் பிடித்தாவது வந்துவிடுகிறேன். நன்றி, வணக்கம்.