591-ஐ 519 ஆக்கிட்டாங்க! எங்க ஸ்கூல் ப்ளஸ் டூ டாப்பர்ஸோட ஒரு நாள்

ஹலோ ஹலோ, கேக்குதா? போன வீடியோல மைக்கு கரகரன்னு இருந்துச்சுன்னு அத்தனை பேரு கமென்ட்ல வந்து திட்டுனீங்க, அதனால இன்னைக்கு மைக்கே கிடையாது, போனை அரிசி டப்பா மேல சாத்தி வச்சுட்டு அடுப்படியில உக்காந்து பேசுறேன், பின்னாடி குக்கர் விசில் வந்தா அது அப்பத்தாவோட வேலை, என்னைய ஒண்ணும் சொல்லாதீங்க.

சரி. எனக்கு செம்ம கடுப்பு. அதைச் சொல்லிட்டுதான் மத்ததெல்லாம்.

நேத்து அருப்புக்கோட்டையில நான் படிச்ச கவர்மென்ட் கேர்ள்ஸ் ஸ்கூல் பிள்ளைகளுக்கு பாராட்டு விழா. ப்ளஸ் டூ ரிசல்ட்டு 2025 மே 9ன்னு சொல்லிட்டு ஒரு நாள் முன்னாடியே 8ஆம் தேதி காலையில 9 மணிக்கு விட்டாங்கள்ல, அன்னைக்கே பழைய மாணவிகள் குரூப்புல பேசி ஆளுக்கு நூறு நூறா வசூல் பண்ணி, ஃப்ளெக்ஸ் அடிக்கிற பொறுப்பை என் தலையில கட்டிட்டாங்க. எட்டுக்கு ஆறு, நாப்பத்தெட்டு சதுர அடி, அடிக்கு 15 ரூவான்னு 720. நான் 650க்கு கேட்டேன், கடைக்காரர் முடியாதுன்னுட்டாரு, சரின்னு 700ல முடிச்சேன். அந்த இருபது ரூவா கொறைச்சதுக்கு நான் பட்ட சந்தோசம் இருக்கே! வர்ற வழியில வடை வேற வாங்கி தின்னுட்டு வந்தேன்.

விழா அன்னைக்கு காலையில மண்டப வாசல்ல கட்டி விட்டுட்டு அண்ணாந்து பாக்குறேன், ஃபர்ஸ்ட் எடுத்த பிள்ளை போட்டோவுக்கு கீழ 519/600.

591 மக்களே! 591! எழுபத்திரெண்டு மார்க்க அப்படியே முழுங்கிட்டாங்க. நான் வாட்ஸ்அப்புல அனுப்புனது 591தான், இங்க பாருங்க ஸ்க்ரீன்ஷாட்டு, நல்லா பாருங்க. இதுல ரெண்டாவது எடுத்த பிள்ளைக்கு 586ன்னு சரியா இருக்கு, அப்ப பாக்குறவங்களுக்கு 519 எப்படி முதல் இடம்னு தோணாதா? கடைக்கு ஓடுனா, ஸ்டிக்கர் ஒட்டித் தர்றேன் 150 ரூவான்னு கூசாம கேக்குறாரு. அவர் பண்ண தப்புக்கு நான் 150 குடுக்கணுமாம்! அரை மணி நேரம் நின்னு சண்டை போட்டு ஓசியிலதான் வாங்குனேன், ஆனா ஃப்ளெக்ஸ் நீலம், ஸ்டிக்கர் பச்சை. தூரத்துல இருந்து பாத்தா நம்பர் பிளேட்டு மாதிரி இருந்துச்சு. அந்தப் பிள்ளை சிரிச்சுக்கிட்டே, விடுங்கக்கா, கவுன்சிலிங் வெப்சைட்டுல சரியா ஏறியிருச்சு, எனக்கு அது போதும்னுச்சு. எனக்குத்தான் போதல.

அந்தப் பிள்ளைகள் பேரு, முகம் எதுவும் காட்ட மாட்டேன், வீட்டுல கேட்டுக்கிட்டாங்க.

முதல்ல 591. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பு. கணக்குல நூறு, கம்ப்யூட்டர்ல நூறு, பிசிக்ஸ் 98, கெமிஸ்ட்ரி 99. மேடையில இருந்து இறங்குறதுக்குள்ள ஒம்போது பேரு இன்ஜினியரிங் சீட்டுக்கான கட் ஆஃப் மார்க்கு என்னன்னு கேட்டாங்க, நான் எண்ணுனேன். 198.5. கணக்கு அப்படியே நூறு, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் பாதிப் பாதி, அம்புட்டுதான். உடனே எல்லாரும், அப்ப கிண்டியில கம்ப்யூட்டர் சயின்ஸ் கெடைச்சுரும்மான்னு அவங்களாவே சீட்டும் குடுத்துட்டாங்க. அது மெதுவா, இல்ல, ஜியோ இன்ஃபர்மேட்டிக்ஸ்னுச்சு. அங்க அப்படியே நின்னுருச்சு பேச்சு.

அது கிண்டி இன்ஜினியரிங் காலேஜுல இருக்குற கோர்ஸு, சேட்டிலைட் படம், மேப்பு, எந்த எடத்துல தண்ணி எப்படி ஓடும்னு பாக்குற படிப்பு. ஏன் அதுன்னு கேட்டேன். 2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கா, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, திருச்செந்தூர் ரயிலு ஸ்ரீவைகுண்டத்துல நின்னுபோச்சே, அந்த ஸ்ரீவைகுண்டத்துலதான் இதோட அத்தை வீடு. ரெண்டு நாளா போன் எடுக்கல. இது வீட்டுல உக்காந்து கூகுள் மேப்ப பெருசாக்கிப் பெருசாக்கி, அத்தை தெரு தாமிரபரணியில இருந்து எவ்வளவு தூரம், மேடா பள்ளமான்னு தேடிக்கிட்டே இருந்துச்சாம். மேப்புல தூரம் தெரியுதுக்கா, மேடு பள்ளம் தெரியல, அதான்னுச்சு. நான் அடுத்த கேள்வியே கேக்கல.

ஆறாவதுல இருந்து கவர்மென்ட் ஸ்கூல்லயே படிச்சதால 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட்டு கெடைச்சா ஃபீஸையும் ஹாஸ்டலையும் கவர்மென்ட்டே பாத்துக்கும். அவங்க அம்மா அதை மூணு தடவை என்கிட்ட சொன்னாங்க, நாலாவது தடவை கேமரா முன்னாடியும் சொன்னாங்க.

அடுத்தது பயாலஜி பிள்ளை, 579. மே 4 நீட்டு எழுதியிருக்கு. பிசிக்ஸ் எப்படின்னு கேட்டுறாதீங்கக்கான்னு ஆரம்பத்துலயே கையெடுத்துக் கும்புட்டுருச்சு, இந்த வருசம் எழுதுன எல்லா பிள்ளைகளும் அதைத்தானே சொல்லுது. வீட்டுல எம்பிபிஎஸ் எம்பிபிஎஸ்னு கெடக்காங்க. இதுக்கு ஆசை வெட்டர்னரி! நீட்டு மார்க்கே வேணாம், ப்ளஸ் டூ மார்க்கு போதும். வீட்டுல பதினாலு ஆடு நிக்குது, ஒவ்வொண்ணுக்கும் பேரு இருக்கு, ஒண்ணுக்கு எங்க பழைய கணக்கு டீச்சர் பேரு, அதை நான் இங்க சொன்னா அடுத்த வருசம் என்னைய ஸ்கூலுக்குள்ள விட மாட்டாங்க. மனுச டாக்டர் ஆனா நோயாளியே எங்க வலிக்குதுன்னு சொல்லிருவாங்க, ஆட்டுக்கு நாமதான் கண்டுபிடிக்கணும், அதுலதான் கெத்துன்னுச்சு. எனக்கு இந்தப் பிள்ளைய ரொம்பப் புடிச்சுப்போச்சு.

ஆங், கல்வி டிவி, கவர்மென்ட்டு பாடம் நடத்துற சேனலு! சொல்ல மறந்துட்டேன், இதே பிள்ளைதான். இந்த செட்டு கொரோனா வந்தப்ப ஏழாவது. எட்டாவது முழுசும் வீட்டுலதான். இவங்க வீட்டுல அப்ப டிவி ரிப்பேரு, பக்கத்து வீட்டுத் திண்ணையில உக்காந்து ஜன்னல் வழியா கல்வி டிவி பாத்திருக்கு. அந்த வீட்டு பாட்டி சீரியல் நேரம் வந்தா சேனல மாத்திருவாங்களாம், அதனால ஒரு சயின்ஸ் பாடம் மட்டும் பாதியிலயே நின்னுபோச்சாம். ஒம்பதாவது போனப்புறம் டீச்சர்கிட்ட தனியா கேட்டு அந்த மிச்சத்தப் படிச்சிருக்கு. நானா இருந்தா சீரியல் பாத்திருப்பேன்.

மூணாவது கபடி ஆடுற பிள்ளை. மூணாவதுன்னா வரிசையில, மார்க்குல ரெண்டாவது, 586, காமர்ஸ் குரூப்பு. நானும் காமர்ஸுதான், அதனால இங்க கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், பொறுத்துக்கோங்க. அரையாண்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடி முட்டியில அடிபட்டு, காலை நீட்டி வச்சுக்கிட்டே பேலன்ஸ் ஷீட்டு போட்டுப் பழகியிருக்கு. அப்பா தறி ஓட்டுறவரு. எட்டாவதுல என்எம்எம்எஸ்னு ஸ்காலர்ஷிப் பரிட்சை பாஸ் பண்ணதால ஒம்பதாவதுல இருந்து மாசம் ஆயிரம் ரூவா வந்திருக்கு, அதுல ஒரு பைசா எடுக்காம அம்மா அப்படியே வச்சிருக்காங்க. அந்தக் காசுல இப்ப ஆடிட்டர் படிப்போட முதல் பரிட்சை, சிஏ ஃபவுண்டேஷனுக்கு கட்டப் போறாங்க. நாலு பேப்பர், ஒவ்வொண்ணுலயும் நாப்பது, மொத்தத்துல பாதி எடுக்கணும், ரெண்டு பேப்பர்ல தப்பா டிக் அடிச்சா கால் கால் மார்க்கா போகும். ரெய்டு போற மாதிரிதான்க்கா, தொட்டுட்டு கோட்டுக்கு வந்துரணும், உள்ளேயே நின்னு யோசிச்சா அமுக்கிருவாங்கன்னுச்சு.

பரிசு என்ன தெரியுமா? சுவர்க் கடிகாரம். மூணு பேருக்கும் ஒரே கடிகாரம், நடுவுல குடுத்தவரு போட்டோ, பன்னெண்டு மணி ஆனா முள்ளு ரெண்டும் அவரு மூக்கு மேல நிக்குது. எனக்கு இந்த மாதிரி பரிசே புடிக்காது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல பை வாங்கிக் குடுத்தா காலேஜுக்கு ஆகாதா?

இப்ப நாலாவது ஆளு. இது ஃப்ளெக்ஸ்ல இல்ல. மொத்தத்துல 564, முதல் மூணுக்குள்ள வரல, மேடைக்கும் கூப்புடல, சும்மா கை தட்ட வந்துச்சு. தமிழ்ல 99. இந்த வருசம் மாநிலம் முழுக்க தமிழ்ல நூத்துக்கு நூறு எடுத்தது 135 பேரு, 2023ல வெறும் ரெண்டு பேரு, அப்ப 99 என்னன்னு நீங்களே யோசிங்க. விடைத்தாள் நகல் 275 ரூவா கட்டி வாங்கிப் பாக்கலாமேன்னு எல்லாரும் சொன்னாங்களாம், வேணாம், அந்த ஒரு மார்க்கு எங்க போச்சுன்னு எனக்கே தெரியும், ஒரு எடத்துல சந்திப் பிழை விட்டேன், வெளிய வந்தப்பவே தெரிஞ்சுருச்சுன்னுச்சு! எனக்கு இப்ப வரைக்கும் எங்க க் வரும், எங்க வராதுன்னு தெரியாது. ப்ளஸ் ஒன்ல தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு எழுதி, மாநிலத்துல எடுத்த 1500 பேருல ஒருத்தியா வந்து மாசம் 1500 ரூவா வாங்கியிருக்கு. பிஏ தமிழ் சேரப் போகுது. தமிழான்னு இழுக்குறாங்க எல்லாரும். இழுக்கட்டும். அடுத்த வருசம் ஃப்ளெக்ஸ் என் பொறுப்புன்னா பாட வாரியா முதல் எடுத்தவங்களும் அதுல இருப்பாங்க, நாப்பத்தெட்டு சதுர அடி பத்தலைன்னா அறுபது அடிப்போம், பத்து ரூவா கூட போட்டுத் தாங்க.

சரி, இப்ப என் கதை. வருசா வருசம் ரிசல்ட்டு வந்தா கமென்ட்ல வந்து, அக்கா நீங்க கொரோனா பாஸ்தானேன்னு கேப்பீங்கள்ல. ஆமா. 2021 செட்டு. ப்ளஸ் டூ பப்ளிக்கே எழுதல. பத்தாவது மார்க்குல இருந்து 50, ப்ளஸ் ஒன்ல இருந்து 20, பிராக்டிக்கல் இன்டர்னல்ல இருந்து 30ன்னு கூட்டி ஒரு மார்க்க குடுத்தாங்க. இதுல கொடுமை, ப்ளஸ் ஒன்லயும் எங்களுக்கு மார்ச் 26 அக்கவுண்டன்சி பரிட்சை இருந்துச்சு, அதுக்குள்ள லாக்டவுன் வந்து அதுவும் நடக்கல. ஆக, நான் பிகாம் முடிச்சுட்டேன், ஒரு அக்கவுண்டன்சி பப்ளிக் பரிட்சை கூட எழுதுனதில்ல!

அதனால நாலு பேருகிட்டயும் நான் உண்மையில கேக்க நெனச்சது ஒண்ணுதான். பத்து மணிக்கு கொஸ்டின் பேப்பர் குடுத்து, பத்து நிமிசம் படிக்க விட்டு, அஞ்சு நிமிசம் விவரம் பாக்கச் சொல்லி, பத்தேகாலுக்கு எழுதுங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த ஹாலு எப்படி இருக்கும்? 591 சொன்னுச்சு, ஃபேன் சத்தம் மட்டும் கேக்கும்க்கா. ஆட்டுக்காரி எனக்கு பசிச்சுச்சுன்னுட்டா. தமிழ்ப் பிள்ளை எல்லாரும் ஒரே நேரத்துல பக்கத்தத் திருப்புற சத்தம்னுச்சு. கபடி ஒண்ணுமே சொல்லல, பையைத் தொறந்து மார்ச்சுல எழுதுன அக்கவுண்டன்சி பேப்பர எடுத்து என் கையில குடுத்துட்டு, வேணும்னா நீங்களே எழுதிப் பாருங்கன்னு போயிருச்சு. நாலா மடிச்சு, ஒரு மார்க்குல எல்லாம் பென்சில்ல டிக் அடிச்சு வச்சிருக்கு. அதை நான் ரப்பர் வச்சு அழிச்சுட்டேன்.

அதான், வர்ற ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணி. 90 மார்க்கு பேப்பரு, மூணு மணி நேரம், இதே அடுப்படி மேசை. திருத்துறது கபடிதான், பச்சை மை பேனா வேற கேட்டிருக்கு. அப்பத்தா சூப்பர்வைசர். பத்தேகால் வரைக்கும் ஃபேன் மட்டும்தான் ஓடணும், குக்கர் வைக்கக் கூடாதுன்னு இப்பவே சொல்லிட்டேன்… பாத்தீங்களா, இப்பவே விசில் அடிக்குது, நான் போயி அடுப்ப அமத்துறேன்.