‘டல்’ என்று யார் சொன்னது?

(வேலூர் பட்டிமன்றம் ஒன்றில் பேசியது. தலைப்பு: வால்டர் டல் என்ற மனிதரை உயர்த்தியது பந்தாட்ட மைதானமா, போர்க்களமா? நான் மைதானம். டல், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் பட்டாளத்தில் சண்டையிட்ட கருப்பினக் கால்பந்து வீரர்.)

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். என் அணிக்கு வணக்கம். எதிரணிக்கும் ஒரு வணக்கம், அது என் பேச்சு முடிகிற வரைக்கும் தாங்கட்டும். மணி அடிக்கிற தம்பி, எனக்கு மட்டும் கொஞ்சம் மெதுவாக அடி, கண்ணு.

சுபேதார் ஐயா பேசினார். கம்மவான்பேட்டைக்காரர். ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர் அது. அவர் எழுந்து வந்ததும் மைக்கே விறைத்து நின்றது. மீசையை ஒரு தடவு தடவிவிட்டு என்ன சொன்னார்? “பேரே டல். மைதானத்திலும் டல். பட்டாளத்துக்குப் போனதும்தான் தூள்!” நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்லாத்தான் இருந்தது. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே ஐயா.

லண்டன் டாட்டன்ஹாம் கால்பந்து அணிக்குப் பத்தே ஆட்டம், இரண்டே கோல், அப்புறம் ஒதுக்கிவிட்டார்கள் என்றார். சரி, உண்மைதான். அதற்கு முன்னால் நடந்ததை ஏன் விட்டுவிட்டார்? 1909இல் பிரிஸ்டல் போய் ஆடுகிறார் டல். அப்பா பார்படோஸ் தீவிலிருந்து வந்த தச்சர். அம்மா கென்ட் பக்கத்து வெள்ளைக்காரப் பெண். இருவரையும் சின்ன வயதிலேயே பறிகொடுத்து, லண்டன் அநாதை இல்லத்தில் வளர்ந்த பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பார்த்துக் கூட்டத்தில் ஒரு பகுதி நிறத்தைச் சொல்லிக் கேவலமாகக் கத்தியது. அவர் திருப்பிக் கத்தவில்லை, ஆடினார். வெள்ளைக்கார ஆட்டக்காரர்களுக்கெல்லாம் இவர்தான் முன்மாதிரி என்று பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதினார். கொஞ்ச நாளில் டாட்டன்ஹாம் அவரை ரிசர்வ் என்கிற இரண்டாம் அணிக்கு அனுப்பியது. டல்லாக இருந்தது யார் ஐயா?

1911இல் நார்தாம்ப்டன் அணி அவரை வாங்கியது. வாங்கியவர் அதன் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன், பின்னாளில் லண்டன் ஆர்சனல் அணியைத் தூக்கி நிறுத்திய அதே ஆள். அங்கே நூறு ஆட்டத்துக்கு மேல் ஆடினார். டல்லான ஆளை யார் நூறு ஆட்டம் இறக்குவார்கள்? எங்கள் தெருவில் சொந்தமாகப் பேட் வைத்திருக்கிற பையனைக்கூட நாலு ஆட்டத்துக்கு மேல் சேர்ப்பதில்லை.

இங்கே என் கதை ஒன்று. நான் பிடி டீச்சர். பள்ளி மைதானம் கையகலம், அதனால் பயிற்சி எல்லாம் பாலாற்றில். வேலூரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். கோட்டையில் ராஜா இல்லை, கோயிலில் சாமி இல்லை, ஆற்றில் தண்ணீர் இல்லை. சாமி 1981இல் வந்துவிட்டார். ராஜா இனி வரமாட்டார். தண்ணீர் எப்போதாவது எட்டிப் பார்க்கிறது. அது வராத மாதமெல்லாம் எங்களுக்கு ஸ்டேடியம்.

அங்கே ஒரு பையன், கோல்கீப்பர். ஏன் கோல்கீப்பர்? ஓட வேண்டாம் பாருங்கள். நின்ற இடத்திலேயே வறுத்த வேர்க்கடலை தின்பான். ஒருநாள் பந்து அவனை நோக்கி வருகிறது. வேகமாகக்கூட இல்லை, மணலில் பாரவண்டி மாதிரி வருகிறது. அவன் பந்தைப் பார்த்தான். கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தான். மறுபடி பந்தைப் பார்த்தான். யோசித்து முடித்து, பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பந்து காலுக்கு நடுவே போய்விட்டது. “ஏண்டா?” என்றேன். “டீச்சர், பந்து ஸ்கூலுது. கடலை என் காசு!”

சுபேதார் ஐயாவே சிரிக்கிறார். அந்தப் பையன்தான் அடுத்த வருஷம் பட்டாள ஆள்சேர்ப்புக்குப் போகிறேன் என்று வந்து நின்றான். 1600 மீட்டர் ஓட வேண்டும். பந்துக்கே குனியாதவன்! மூன்று மாதம் விடியற்காலையில் அதே மணலில் ஓட விட்டேன். பொட்டலத்தை நான் வைத்துக்கொண்டு கடைசிக் கோட்டில் நிற்பேன். வந்து சேர்ந்தால்தான் கடலை. தேர்வானான் ஐயா. துணியை நாங்கள் நெய்து அனுப்பினோம், நீங்கள் பொத்தான் வைத்தீர்கள்.

டல் கதையும் இதுதான். 1914 டிசம்பரில் அவர் சேர்ந்தது மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டின் 17ஆவது பட்டாலியன். அதற்குப் பேரே ‘ஃபுட்பால் பட்டாலியன்’. போர்க்களமே எங்களிடம் ஆள் கடன் வாங்கித்தான் நடந்திருக்கிறது! 1917 மே மாதம் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். ஐரோப்பிய வம்சத்தவருக்குத்தான் அதிகாரிப் பதவி என்று அன்றைக்கு விதி. விதியை மீறிக் கொடுத்தார்களே, அதுதான் பட்டாளத்தின் பெருமை என்றார் ஐயா. விதி மீறலைப் பெருமை என்று ஒரு சுபேதார் சொல்லி இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

இத்தாலியில் பியாவே ஆறு. நம்ம ஆறு மாதிரி இல்லை, தண்ணீர் ஓடுகிற ஆறு. கடுங்குளிர். இருட்டில் 26 பேரோடு அக்கரை போய், 26 பேரையும் முழுசாகக் கூட்டிவந்தார். பதறாத வீரம் என்று மேஜர் ஜெனரல் லாஃபர்ட் பாராட்டினார். நார்தாம்ப்டனில் அவர் ஆடிய இடம் ஹாஃப் பேக். முன்னால் ஓடுகிறவனுக்குப் பந்து தர வேண்டும், பின்னால் நிற்கிறவனைக் காக்கவும் வேண்டும். யார் எங்கே நிற்கிறான் என்று தலையைத் திருப்பாமலே தெரிய வேண்டும். இதை எந்தப் பரேடில் சொல்லிக் கொடுத்தீர்கள்?

மணி அடித்தாச்சா? முடிக்கிறேன், தம்பி.

1918 மார்ச் 25, பிரான்ஸ். டல் சுடப்பட்டு விழுந்தார். இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் முப்பது வயது. அவரை இழுத்துவரப் பார்த்தவர் பில்லிங்ஹாம் என்ற சிப்பாய், லெஸ்டரில் கோல்கீப்பராக இருந்தவர். எதிரி நெருங்கிவிட்டான், முடியவில்லை. உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. அராஸ் நினைவுச் சுவரில் பெயர் மட்டும் இருக்கிறது. ஒரு கோல்கீப்பர் ஐயா, கைக்கு வந்ததை விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறான்.

நம்ம லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் அந்தப் போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். கத்தரிக்காய்ப் பையோடு நின்று படித்திருக்கிறேன். பெயர் ஒன்றும் இல்லை. அந்த 14 பேரில் பாலாற்று மணலில் ஓடி விளையாடாதவன் யாராவது இருந்திருப்பானா?

போன பொங்கலுக்கு என் கடலைப் பையன் லீவில் வந்தான். நேரே ஆற்றுக்கு வந்து சின்னப் பையன்களை விலக்கிவிட்டுக் கோலில் நின்றான். வாய் மட்டும் மெல்வதை நிறுத்தவில்லை. ஒருவன் ஓங்கி உதைத்தான். இவன் பக்கவாட்டில் பாய்ந்து பந்தை நெஞ்சோடு அணைத்து விழுந்தான். சட்டைப் பையிலிருந்த கடலை மொத்தமும் மணலில் கொட்டிப் போனது. பையன்கள் ஓடிவந்து பொறுக்கினார்கள். அவன் பொறுக்கவில்லை. பந்தைக் கட்டிக்கொண்டு அப்படியே கிடந்தான். “எழுந்திருடா” என்றேன். “இருங்க டீச்சர், கொஞ்ச நேரம்” என்றான்.

அடி, கண்ணு. மணியை அடித்துவிடு.