படத்துக்குப் பின்னாடி இருக்கிற சட்டம்

வணக்கம் மக்களே. வீட்டுப் பெரியவங்க வச்சிருந்த ஒரு அசல் ஓவியம் உங்க கைக்கு வந்திருக்கு, அதை வித்துடலாம்னு இருக்கீங்க. என்ன விலை போகும்னு விசாரிக்கிறதுக்கு முன்னாடி படத்தைத் திருப்பிப் போடுங்க. சட்டம்னா இங்க ரெண்டு அர்த்தம், ரெண்டையும் பின்னாடியிலிருந்துதான் பாக்கணும்.

கேமராவைக் கிட்ட கொண்டு வரேன். இந்தக் கட்டையில ஓரம் கிழிஞ்ச கேலரி லேபிள் ஒண்ணு, பக்கத்துல சாக்பீஸ்ல ஒரு நம்பர். ஏலத்துக்கு வர்ற பொருளுக்கு இப்படித்தான் அடையாள நம்பர் போடுவாங்க. இதைச் சுரண்டிடாதீங்க. புது ஃப்ரேம் போடுறேன்னு பழைய கட்டையைத் தூக்கியும் போட்டுடாதீங்க. படம் யார் யார் கை மாறி வந்துச்சுங்கிறதுக்கு இதுதான் சாட்சி. முன்னாடி, பின்னாடி, கையெழுத்து, லேபிள் எல்லாத்தையும் போட்டோ எடுங்க, ஃப்ரேம் இல்லாம அளவு குறிச்சு வைங்க. வாங்கின ரசீது, இன்ஷூரன்ஸ் பட்டியல், அந்தப் படம் சுவத்துல தொங்குற பழைய குடும்ப போட்டோ, எது கிடைச்சாலும் சேர்த்து வைங்க.

அடுத்தது, விக்கிறதுக்கு யாருக்கு உரிமை? படம் உங்க வீட்டுல இருக்குங்கிறதால மட்டும் உங்களோடதுன்னு ஆகிடாது. உயில்ல யார் பேரு இருக்கு, உயில் இல்லன்னா வாரிசு எத்தனை பேர்னு பாருங்க. நாலு வாரிசுன்னா நாலு பேரும் எழுத்துல சம்மதம் கொடுக்கணும். ஏல ஒப்பந்தத்துல "இது முழுக்க என்னோடது, வில்லங்கம் இல்ல"ன்னு உங்ககிட்ட உறுதி எழுதி வாங்குவாங்க. வித்தப்புறம் தங்கச்சி வந்து கேட்டா, பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியது நீங்கதான்.

காப்பிரைட்லதான் நிறைய பேர் சறுக்குறாங்க. படம் வேற, காப்பிரைட் வேற. கடையில வாங்கி வீட்டுல மாட்டின ஓவியத்தோட காப்பிரைட் பெரும்பாலும் ஓவியர்கிட்டயேதான் இருக்கும். அவர் இறந்தப்புறமும் இந்தியாவுல 60 வருஷம், ஐரோப்பிய யூனியன்ல 70 வருஷம் அது அவரோட வாரிசுகளுக்கு. நீங்க படத்தை விக்கலாம், பிரிண்ட் போட்டு விக்கக் கூடாது. விற்பனை விளம்பரத்துக்குப் போட்டோ போட பிரிட்டன், ஜெர்மனி சட்டத்துல இடம் இருக்கு. வித்தப்புறமும் அதையே காலண்டர்ல போட்டீங்கன்னா மாட்டிக்குவீங்க. வரைஞ்சவரே உங்க தாத்தான்னா கதை வேற. இதுவரைக்கும் வெளியிடாத ஓவியத்தை அவர் உயில்ல உங்களுக்குக் கொடுத்திருந்தா, உயில்ல வேற மாதிரி சொல்லாத வரைக்கும், அவர்கிட்ட இருந்த காப்பிரைட்டும் சேர்ந்தே வருதுன்னு இந்தியச் சட்டம், பிரிட்டிஷ் சட்டம் ரெண்டுமே சொல்லுது. அப்போ வாங்குறவருக்குப் படத்தை மட்டும் கொடுக்குறீங்களா, காப்பிரைட்டையும் கொடுக்குறீங்களான்னு பில்லுலயே எழுதிடுங்க.

மறுவிற்பனைப் பங்குன்னு ஒண்ணு இருக்கு. பிரான்ஸ்ல 1920லயே வந்துச்சு. ஐரோப்பிய யூனியன்ல ஏல நிறுவனமோ கேலரியோ நடுவுல இருந்து வித்தா, ஓவியருக்கோ அவர் வாரிசுக்கோ ஒரு பங்கு போகணும். பொதுவா முதல் 50,000 யூரோவுக்கு 4 சதவீதம், மேல போகப் போக சதவீதம் குறையும், மொத்தம் 12,500 யூரோவைத் தாண்டாது. 30,000 யூரோவுக்குப் போன படம்னா 1,200 யூரோ. இந்தியாவுல 10,000 ரூபாய்க்கு மேல போனா பங்கு கேக்க சட்டத்துல இடம் இருக்கு, உச்சவரம்பு 10 சதவீதம். அமெரிக்காவுல நாடு முழுசுக்குமான இப்படி ஒரு சட்டமே இல்ல. இந்தப் பங்கு யார் கணக்குல கழியும்னு ஏல நிறுவனத்துகிட்ட முன்னாடியே கேளுங்க.

வரியில மதிப்பீட்டுத் தேதிதான் முக்கியம். அமெரிக்காவுலயும் பிரிட்டன்லயும், பொதுவா படத்தை உங்களுக்கு விட்டுட்டுப் போனவர் இறந்த நாள்ல படத்துக்கு என்ன மதிப்போ, அதுக்கு மேல கிடைச்சதுதான் லாபம். இந்தியாவுல அப்படி இல்ல. முதல்ல காசு கொடுத்து வாங்கினவரோட விலையிலிருந்து கணக்கு ஆரம்பிக்கும். 2001 ஏப்ரல் 1க்கு முன்னாடி வாங்கினதுன்னா அந்தத் தேதியோட சந்தை மதிப்பை எடுத்துக்கலாம். "வீட்டுச் சாமான்தானே, வரி எதுக்கு"ங்கிற பேச்சு ஓவியத்துக்குச் செல்லாது. எந்தத் தேதி மதிப்பு வேணுமோ, அதுக்கு எழுத்து மூலமா மதிப்பீடு வாங்குங்க.

நாட்டுக்கு வெளிய விக்கிறீங்கன்னா ஏற்றுமதிச் சட்டத்தையும் பாக்கணும். ராஜா ரவி வர்மா, அம்ரிதா ஷேர்கில், ஜாமினி ராய் மாதிரி சிலரோட ஓவியங்களை 1972ஆம் வருஷச் சட்டப்படி இந்தியா கலைச் செல்வமா அறிவிச்சிருக்கு. உள்நாட்டுல விக்கலாம், தனியாள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. தந்தத்துல வரைஞ்ச குட்டி உருவப்படம்னா இன்னும் கவனம். பிரிட்டன்ல 1918க்கு முந்தினதா, 320 சதுர சென்டிமீட்டருக்கு மிகாததா இருந்தா, அதுவும் பதிவு பண்ணினப்புறம்தான் விக்க முடியும்.

படம் 1933க்கும் 1945க்கும் நடுவுல ஐரோப்பாவுல கை மாறியிருந்தா, நாஜிகள் பறிச்சதா இருக்குமோன்னு வாங்குறவர் கட்டாயம் கேப்பார். திருட்டுப்போன கலைப்பொருள் பட்டியல்ல நீங்களே முன்கூட்டி தேட வச்சு, அந்தச் சான்றிதழை ஃபைல்ல வைங்க.

ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுறப்போ ஓவியர் பேரு இருக்கிற வரியை ரெண்டு தடவை படிங்க. ஆதாரம் இல்லாம "இவர் வரைஞ்சது"ன்னு உறுதி கொடுக்காதீங்க. "வலது கீழ் மூலையில இந்தப் பேருல கையெழுத்து இருக்கு"ன்னு, கண்ணுக்குத் தெரியறதை மட்டும் எழுதச் சொல்லுங்க.