டையோடு மாற்றினால் தீராத குறை

நேயர்களுக்கு வணக்கம். நாகர்கோவிலில் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்த்துவரும் என்னிடம், ஆலயப் பாடற்குழுக்களிலும் திருவிழா மேடைகளிலும் கிட்டார் வாசிக்கும் இளைஞர்கள் தங்கள் டிஸ்டார்ஷன் பெடலை, அதாவது கிட்டார் ஒலியை முரட்டுத்தனமாக்கும் காலடிப் பெட்டியைக் கொண்டுவந்து வைக்கும் கோரிக்கை பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, டையோடை மாத்தித் தாங்க, சத்தம் கனமா வரணும்." கனத்துக்கும், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு பாகமான டையோடுக்கும் உள்ள உறவு அவர்கள் எண்ணுவதைவிடக் குறைவு.

கிட்டாரிலிருந்து வரும் சிறிய மின் அலை பெடலுக்குள் பலமடங்கு பெருக்கப்பட்டு, அதன் முகடுகளும் பள்ளங்களும் டையோடுகளால் வெட்டப்படும்போதுதான் அந்த முரட்டு ஒலி பிறக்கிறது. வெட்டும் உயரம் டையோடின் வகையைப் பொறுத்தது. சிலிக்கான் ஏறத்தாழ 0.6 வோல்ட்டிலும், ஜெர்மானியம் 0.3 வோல்ட்டிலும், சிவப்பு எல்.இ.டி. 1.7 வோல்ட் அளவிலும் வெட்டும். பாஸ் (Boss) நிறுவனம் 1978-இல் வெளியிட்ட டி.எஸ்.-1 பெடலில், கிரவுண்டோடு (மின்சுற்றின் பொது இணைப்போடு) இணைந்திருக்கும் சிலிக்கான் டையோடுகளுக்குப் பதிலாக எல்.இ.டி. பொருத்தினால், அலை கூடுதல் உயரம்வரை வெட்டுப்படாமல் செல்வதால் ஒலி உரத்தும் அமுக்கம் தளர்ந்தும் கேட்கும். கனம் வந்து சேராது.

கனத்தை, அதாவது கீழ்ஸ்தாயி ஒலியை விடுவதும் தடுப்பதும் மின்தேக்கி, அதாவது கடையில் நாம் கண்டன்சர் என்று கேட்டு வாங்கும் பொருள். ஐபனெஸ் நிறுவனத்தின் டியூப் ஸ்கிரீமர் பெடலில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கண்டன்சரும் சேர்ந்து, 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்கப் பெருக்கத்தைக் குறைத்துவிடுகின்றன. கிட்டாரின் தடித்த தந்தியோ 82 ஹெர்ட்ஸில் அதிர்வது. கண்டன்சரை 0.1 ஆக்கினால் அந்த எல்லை 340 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கி, கீழ்த்தந்திகளுக்கும் அந்த முரட்டுத்தனத்தில் பங்கு கிடைக்கும். ஆனால் வீட்டில் தனியாக வாசிக்கும்போது இனிக்கும் இம்மாற்றம், பாஸ் (bass) கிட்டாரும் கீபோர்டும் கீழ்ஸ்தாயியை ஏற்கெனவே நிரப்பியிருக்கும் மேடையில் கூழாகிவிடுவதுண்டு; ஆகவே எங்கே வாசிக்கப்போகிறார் என்று கேட்காமல் நான் சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதில்லை.

குளச்சல், முட்டம் பக்கத்துப் பெடல்கள் பலவற்றுக்கு எந்த மாற்றமும் தேவைப்படுவதில்லை. உப்புக்காற்றில் ஜாக் பச்சை பூத்து, வால்யூம் திருகு இரைந்துகொண்டிருக்கும். துடைத்துக் கொடுத்தால் போதும்.

தொடக்க காலத்தில் என் சொந்தப் பெடலிலேயே டையோடுகளை ஐந்தாறு முறை கழற்றி மாட்டி, சூடு தாளாமல் போர்டின் செம்புத்தடம் பெயர்ந்து வந்துவிட்டது. அதற்குப் பிறகு, டையோடு இருந்த இடத்தில் சிறிய சாக்கெட்டு ஒன்றை மட்டும் பற்றவைத்து, வெவ்வேறு டையோடுகளை அதில் செருகி, வாசிப்பவரையே கேட்கச் சொல்லிவிடுகிறேன். கழற்றிய பழைய பாகங்களையும் மதிப்பெழுதிய பொட்டலமாக அவரிடமே கொடுத்துவிடுவேன். திருவிழா முடிந்ததும் அதே பொட்டலத்தோடு திரும்பி வருபவர்களும் இருக்கிறார்கள்.