எண்ணெய்க் குழாய் வரட்டும், ரோட்டோரமா வரட்டும்

வணக்கமுங்க. இப்ப நான் நிக்கறது கோயமுத்தூர் பக்கத்துல இருக்கற இருகூருக்குக் கெழக்க ஒரு தென்னந்தோப்புல. பின்னால காட்டறேன் பாருங்க, தோப்புக்கு நடுவுல ஒரு பட்டை மட்டும் மரமே இல்லாம நேராப் போகுது. அதுக்குக் கீழ பெட்ரோல், டீசல் போகுதுங்க. கொச்சி ரீஃபைனரியில இருந்து கோயமுத்தூர் வழியா கரூர் வரைக்கும் போற குழாய் இது. 2002-ல இருந்து ஓடுது. ஒரே குழாய்லயே கொஞ்ச நேரம் பெட்ரோல், அப்புறம் டீசல்னு மாத்தி மாத்தி அனுப்புவாங்க.

இன்னைக்குப் பேசப்போறது இதே இருகூர்ல ஆரம்பிக்கற இன்னொரு குழாயப் பத்தி. பாரத் பெட்ரோலியத்தோட ஐ.டி.பி.எல்., அதாவது இருகூர்-தேவனகொந்தி பைப்லைன் திட்டம். இங்கிருந்து பெங்களூர் பக்கம் தேவனகொந்தி வரைக்கும். தோட்டத்து வழியா வேண்டாம், ரோட்டோரமாக் கொண்டு போங்கன்னு நம்ம பக்கத்து வெவசாயிக இத்தன வருசமாப் போராடறது இந்தக் குழாய எதுத்துத்தான். "வளர்ச்சி வேண்டாமா, ஏன் எதுக்கறீங்க"ன்னு கமென்ட்ல நெறையப் பேரு கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்வி. பேசிரலாம்.

குழாயால லாபம் இருக்குதுங்க, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஒரு பெரிய டேங்கர் லாரி 20,000 லிட்டர் புடிக்குதுன்னு வெச்சுக்கங்க. 10 லட்சம் லிட்டர் அனுப்பணும்னா 50 லாரி வேணும். போறப்ப லோடு, வர்றப்ப காலி. அந்த 50 வண்டிக்கும் டீசல், டிரைவர், டோல் எல்லாம் சேருது. குழாய்ல போட்டாச்சுன்னா பம்ப்புக்குக் கரண்டும் பராமரிப்பும்தான். கொச்சி ரீஃபைனரிய வருசத்துக்கு 95 லட்சம் டன்ல இருந்து 155 லட்சம் டன்னுக்குப் பெருசு பண்ணிட்டாங்க. அத்தன எண்ணெயும் வாளையார் வழியா லாரியிலயே போகணும்னா ரோடு தாங்காது. 2025 ஜனவரியில அவிநாசி ரோடு மேம்பாலத்துல கேஸ் டேங்கர் கவுந்துச்சே, சுத்துவட்டாரத்துல பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு விட்டாங்களே, ஞாபகம் இருக்குமே. அதனால குழாயே வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன்.

ஆனா அந்த லாபத்துக்கு யாரு வெலை குடுக்கறாங்க? அதுக்கு 1962-ல வந்த ஒரு சட்டத்தப் பத்திச் சொல்லணும். பெட்ரோலியக் குழாய் பதிக்கறதுக்குன்னே இருக்கற சட்டம். இதுல நெலத்த வாங்க மாட்டாங்க. பட்டா உங்க பேர்லயேதான் இருக்கும். அவங்க எடுத்துக்கறது பயன்படுத்தற உரிமைய மட்டும். கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. அதுக்கப்புறம் அந்தப் பட்டையில வீடு கட்டக்கூடாது, மாட்டுக்கொட்டாய் போடக்கூடாது, கெணறு வெட்டக்கூடாது, தொட்டி, குட்டை எதுவும் தோண்டக்கூடாது, மரம் வெக்கக்கூடாது. கடலை, சோளம் போட்டுக்கலாம். தென்னைய நம்பி இருக்கறவன் என்ன பண்ணுவான்?

பணம் எவ்வளவுங்கறீங்க? நெலத்தோட சந்தை மதிப்புல 10 சதவீதம். மரம், பயிரு அழிஞ்சா அதுக்குத் தனியாக் குடுப்பாங்க. ஒரு கணக்குப் போட்டுப் பாக்கலாம். 2 ஏக்கரு வெச்சிருக்கற ஒருத்தரோட தோட்டத்துல 200 அடி நீளத்துக்குக் குழாய் போகுது, 20 மீட்டர் அகலம் எடுக்கறாங்க. ஏறக்குறைய 30 சென்ட் போச்சு. ஏக்கரு 20 லட்சம்னா அந்த 30 சென்ட்டோட மதிப்பு 6 லட்சம். கைக்கு வர்றது 60,000 ரூபாய். அதுவும் ஒரே ஒரு தடவ. குழாய் முப்பது நாப்பது வருசம் ஓடும், கம்பெனி வருசா வருசம் சம்பாதிக்கும், இவரு பேரப்புள்ள காலத்துலயும் அந்த எடத்துல ஒரு போர் போட முடியாது. அந்தத் தோட்டத்த விக்கப் போனா, மொதல் கேள்வியே "குழாய் போகுதாமே"ங்கறதுதான். எனக்கு வயிறு எரியறது இங்கதானுங்க. நாட்டுக்கே லாபம்னா, நட்டத்த மட்டும் ஏன் ரெண்டு ஏக்கருக்காரன் தலையில கட்டணும்?

அடுத்தது கசிவு. குழாய்க்கு மேல பூச்சு பூசி, துரு புடிக்காம இருக்கறதுக்குக் கரண்ட் பாய்ச்சி, உள்ளுக்குள்ள கருவி ஓட்டி இரும்பு எங்கயாச்சும் தேஞ்சிருக்குதான்னு பாக்கறாங்க. அதெல்லாம் உண்மைதான். பெருசா ஒடஞ்சா அழுத்தம் சட்டுனு எறங்கிரும், கன்ட்ரோல் ரூம்ல தெரிஞ்சிரும். சொட்டுச் சொட்டாக் கசிஞ்சாதான் ஆபத்து. மெசின் கண்டுபுடிக்காது, ஊருக்காரங்க மூக்குதான் கண்டுபுடிக்கும். சென்னை தண்டையார்பேட்டையில 2013-ல அப்படித்தான் ஆச்சு. போர்ல தண்ணி எறைச்சா எண்ணெய் கலந்து வந்துச்சு. பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு அந்த வழக்கு.

2023 மார்ச்ல நாகூர் பட்டினச்சேரியில சி.பி.சி.எல்.ங்கற சென்னை பெட்ரோலியம் கம்பெனியோட கச்சா எண்ணெய்க் குழாய் கரையோரமே ஒடஞ்சு, கடல் கருப்பாயிருச்சு. மீனவங்க தொழிலுக்குப் போகாம, "அடைக்க வேண்டாம், குழாயையே எடுங்க"ன்னு உக்காந்தாங்க. தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்துல 2017 ஜூன் 30, வயலுக்குள்ள ஓ.என்.ஜி.சி. குழாய் கசிஞ்சது. நியாயம் கேட்ட சனத்து மேல தடியடி நடத்திக் கைதும் பண்ணாங்க.

நம்ம கொங்கு மண்ணுக்கு இன்னொரு சிக்கல் இருக்குதுங்க. இங்க அடியில இருக்கறது பாறை. தண்ணி பாறை வெடிப்புலதான் ஓடுது. பெட்ரோல் அந்த வெடிப்புல எறங்குச்சுன்னா எந்தத் தோட்டத்துப் போர்ல போயி ஏறும்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாது. பெட்ரோல்ல பென்சீன் இருக்குது, புத்துநோய் வரவெக்கறது. மேல் மண்ணுன்னா தோண்டி அள்ளிரலாம். பாறைக்குள்ள போனத என்ன பண்றது?

சரி, ரோட்டோரம் போடுங்கன்னா என்ன பதில் சொல்றாங்க? செலவு கூடும், நாளைக்கு ரோட்ட அகலப்படுத்துனா மாத்திப் போடணும், ஊருக்குப் பக்கத்துல போகும்னு சொல்றாங்க. இந்தக் காரணத்தையெல்லாம் நான் தள்ளல. ஆனா இதே ஐ.டி.பி.எல். குழாயே திருப்பூர் மாவட்டம் முத்தூருக்கு அந்தப் பக்கம் ரோட்டோரமாத்தான போகுது! இருகூர்ல இருந்து முத்தூர் வரைக்கும் இருக்கற 70 கிலோமீட்டர்தான் தோட்டம் வழியா. ஏன்னா அங்க ஏற்கெனவே கரூர் குழாய் போகுது, அதுக்குப் பக்கத்துலயே போட்டுக்கலாம்னு பாக்கறாங்க. ஒரு தடவ குடுத்தவங்ககிட்டயே மறுபடியும் கேக்கறாங்க. அங்க முடிஞ்சது இங்க ஏன் முடியாது?

இது புதுக் கோரிக்கையும் இல்ல. 2013-ல மத்திய அரசு கம்பெனியான கெயிலோட எரிவாயுக் குழாய் கோயமுத்தூர்ல ஆரம்பிச்சு கிருஷ்ணகிரி வரைக்கும் 7 மாவட்டம், 310 கிலோமீட்டர் வருதுன்னப்ப, ஜெயலலிதா அரசே "நெடுஞ்சாலை ஓரமாக் கொண்டு போங்க"ன்னு சொல்லுச்சு. அதே வருசம் நவம்பர்ல ஐகோர்ட், 2016 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட், ரெண்டுமே கெயில் பக்கம் தீர்ப்புச் சொல்லிருச்சு. அதுக்கு நடுவுல 2014 ஜூன்ல ஆந்திராவுல நகரம்ங்கற ஊர்ல கெயில் குழாய் வெடிச்சு, தூக்கத்துலயே 20 பேருக்கு மேல செத்துப் போனாங்க. 

கேரளாவுல கெயில் குழாய எதுத்துப் போராடுன அப்புறம் இழப்பீட்ட ஏத்திக் குடுத்தாங்க. அப்பச் சட்டத்துல 10 சதவீதம்னு எழுதியிருந்தாலும், அரசாங்கம் மனசு வெச்சா மேல போட்டுக் குடுக்க முடியும்னுதான அர்த்தம்? ரோட்டோரம் போகவே முடியாத எடம் ஒண்ணு ரெண்டு இருந்தா, அங்க வருச வாடகை குடுங்க. செல்போன் டவருக்கு மாசா மாசம் வாடகை வருதில்லீங்களா?

ஒரு விசயம் மட்டும் குறிச்சுக்கங்க. உங்க சர்வே நம்பர் கெசட்டுல வந்துச்சுன்னா, ஆட்சேபணை எழுதிக் குடுக்க 21 நாள்தான் டைம். அதுக்குன்னு நியமிச்ச அதிகாரிகிட்ட எழுத்துல குடுக்கணும். வாயில சொன்னாச் செல்லாது. கெணறு எங்க, போர் எங்க, எத்தன மரம், சாளை, அதான் தோட்டத்து வீடு, எவ்வளவு தூரம்னு வரைபடத்தோட எழுதுங்க. போட்டோ எடுத்து வெய்யுங்க. நேர்ல விசாரிக்கணும்னு கேளுங்க, அது உங்க உரிமை. கடுதாசிய எப்படி எழுதறதுன்னு அடுத்த வீடியோவுல ஒரு மாதிரி போடறேன். உங்க ஊர் வழியாப் போகுதுன்னா ஊர் பேர மட்டும் கீழ எழுதுங்க, சர்வே நம்பரு போட வேண்டாம்.