ஒரு முயலும் சச்சல் பேஜும்

அன்பான நேயர்களே, வணக்கம்.

எனக்குப் பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். பேஸ்போல் என்றால் பதினைந்து நிமிடம் எனக்கு முன்னுரைக்கே போதாது என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அது காணாது என்று பழைய கார்ட்டூன்களையும் சேர்த்துக்கொண்டேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

நாங்கள் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஆட்கள். எல்லாக் காலத்துக்கும் சிறந்த துடுப்பாட்டக்காரர் யார் என்று எங்கள் வீடுகளில் கேட்டால் சச்சின், லாரா, சங்கக்கார என்று ஆளுக்கொரு பெயர் வரும், சத்தம் கூடும். கடைசியில் ஒருவர் மெதுவாக 99.94 என்பார். பிரட்மனின் சராசரி. அதற்குப் பிறகு கதைக்க ஒன்றுமில்லை, சாப்பிடப் போகலாம். பேஸ்போலில் அப்படி எல்லார் வாயையும் அடைக்கிற எண் ஒன்று கிடையாது. அதனால்தான் நூறு வருடமாக இந்தச் சண்டை ஓயவில்லை. ஆட்டமே இல்லாத பனிக்காலத்தில்தான் இன்னும் மும்முரமாக நடக்கும். வேறு என்ன வேலை, சொல்லுங்கள்.

இதற்கு முதல் தீர்ப்பு 1936இல் வந்தது. நியூயோர்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சின்ன ஊரில் புகழ் மண்டபம் ஒன்று கட்டுவதென்று முடிவாகி, யாரை முதலில் சேர்ப்பது என்று பத்திரிகையாளர்களிடம் வாக்குக் கேட்டார்கள். 226 பேர் வாக்களித்தார்கள். முதலிடம், அமெரிக்காவே கொண்டாடிய அடிகாரர் பேப் ரூத்துக்கு இல்லை. டை கொப் என்ற மகா கோபக்காரருக்கு 222 வாக்கு, ரூத்துக்கு 215. அதாவது பதினொரு பேர், விஷயம் தெரிந்த பதினொரு பத்திரிகைக்காரர், பேப் ரூத்தின் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறார்கள்! அந்தப் பதினொரு பேரையும் ஒரு மேசையில் இருத்தி வைத்து விசாரிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ரூத்தை நாங்கள் அந்நியராக நினைக்கத் தேவையில்லை. கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரொறன்ரோத் தீவுக்குப் படகில் போகிறீர்கள் அல்லவா? அங்கே ஹன்லன்ஸ் பொயின்ற் பக்கம் ஒரு மைதானம் இருந்தது. 1914 செப்டம்பர் 5ஆம் திகதி, பத்தொன்பது வயதுப் பொடியனாக, பிராவிடன்ஸ் அணிக்காக அங்கே ஆட வந்தார் ரூத். எதிரணியின் பெயர் மேபிள் லீஃப்ஸ். இப்போதைய ஐஸ் ஹொக்கி அணி அல்ல, அதே பெயரில் அப்போது இருந்த பேஸ்போல் அணி. தொழில்முறை ஆட்டத்தில் ரூத்தின் முதல் ஹோம் ரன், எங்கள் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி எல்லைக்கு வெளியே போகிற அடி, அன்றைக்கு அந்தத் தீவில்தான் அடிக்கப்பட்டது. பந்து ஏரிக்குள் போய் விழுந்தது என்று சொல்வார்கள். விழுந்ததோ இல்லையோ, அந்த ஆட்டத்தில் பந்து எறிந்ததும் அவர்தான். ரொறன்ரோக்காரருக்கு ஒரேயொரு ஹிட், அதாவது அடித்துத் தளம் ஏறுவது, விட்டுக்கொடுத்து 9க்கு 0 என்று வென்றுவிட்டுப் போனார்.

இதைக் கவனியுங்கள். ரூத் முதலில் பந்து எறிபவர். பொஸ்டனில் இருந்தபோது இடது கையால் எறிந்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பியவர். 1920இல் நியூயோர்க் யாங்கீஸ் அணிக்குப் போன பிறகுதான் முழுநேரமும் அடிக்கத் தொடங்கினார். அந்த முதல் வருடமே 54 ஹோம் ரன். அந்த லீக்கில் வேறு எந்த அணியும், முழு அணியும் சேர்ந்து, அத்தனை அடிக்கவில்லை. என் மகன் கணினியில் புள்ளிவிவரம் பார்க்கிற ஆள். ஒரு ஆட்டக்காரரால் அவருடைய அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகக் கிடைத்தது என்று இப்போது ஒரு கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கிலும் ரூத்தான் முதலிடம். ‘அப்பா, இதோடு விடுங்கோ’ என்பான் மகன்.

நான் விடுவதில்லை. ஏன் என்று சொல்கிறேன். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இதுதான். ரூத் ஆடிய காலம் முழுவதும், அதற்குப் பிறகும், 1947 வரைக்கும், பெரிய லீக்குகளில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எல்லா முதலாளிகளும் சொல்லி வைத்தாற்போல் கடைப்பிடித்தார்கள். 1946இல் ஜக்கி ரொபின்சன் என்ற கறுப்பின ஆட்டக்காரரை முதலில் எங்கள் மொன்றியலுக்குத்தான் அனுப்பிப் பரீட்சித்துப் பார்த்தார்கள். மறு வருடம் ஏப்ரல் 15ஆம் திகதி புரூக்ளினில் இறக்கினார்கள். அதற்கு முன்பிருந்த சாதனைகள் எல்லாம் பாதிப் பேரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆடிய ஆட்டத்தின் சாதனைகள். ரூத்தின் குற்றம் அல்ல அது. ஆனால் வெளியே நின்றவர்களில் ஒருவர் பெயர் சச்சல் பேஜ்.

சச்சல் பேஜைப் பற்றித் தொடங்கினால் நான் நிறுத்த மாட்டேன். தயாரிப்பாளர் தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து சிரிக்கிறார், பரவாயில்லை.

ஒல்லியான, நெடிய மனிதர். கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். எறியத் தொடங்கி, நடுவில் ஒரு கணம் அப்படியே நின்று, அதற்குப் பிறகு பந்தை விடுவார். அடிப்பவர் அதற்குள் மட்டையைச் சுழற்றி முடித்திருப்பார். ஊர் ஊராக பஸ்ஸில் போய்க் காட்சி ஆட்டங்கள் ஆடியவர். சில இடங்களில் வெளிக்களத்து ஆட்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, எதிரணியில் மூன்று பேரையும் வரிசையாக ஸ்ட்ரைக் அவுட், அதாவது ஆளுக்கு மூன்று பந்தைத் தவறவிட வைத்து அவுட், ஆக்குவாராம். ஜோ டிமாஜியோ பெரிய லீக்குக்குப் போகுமுன் இவரை எதிர்கொண்டவர். தான் சந்தித்தவர்களில் இவரைப் போல் ஒருவர் இல்லை என்று பின்னாளில் சொன்னார்.

1942 செப்டம்பர். நீக்ரோ லீக்குகளின் உலகத் தொடர், அதாவது கறுப்பின ஆட்டக்காரர்கள் ஆடிய லீக்குகளின் இறுதித் தொடர், அந்த நாளில் அதற்கு அதுதான் பெயர். பிட்ஸ்பர்க்கில் ஆட்டம். பேஜ் கன்சஸ் சிட்டி மொனார்க்ஸ் அணி. எதிரில் ஹோம்ஸ்டெட் கிரேஸ். அந்த அணியில் ஜோஷ் கிப்சன் என்று ஒருவர். ‘கறுப்பு பேப் ரூத்’ என்று அவரைச் சொன்னார்கள். ரூத்தைத்தான் வெள்ளைக் கிப்சன் என்று சொல்ல வேண்டும் என்று பதில் சொன்னவர்களும் உண்டு. பேஜும் கிப்சனும் முன்பு ஒரே அணியில் ஆடிய பழக்கக்காரர்கள்.

கதை இப்படிப் போகும். ஏழாவது இன்னிங்ஸ். முதல் தளத்தில் ஒரு ஆள் நிற்கிறார், இரண்டு பேர் அவுட். இன்னும் ஒரு ஆளை அவுட் ஆக்கினால் இன்னிங்ஸ் முடிந்தது. பேஜ் என்ன செய்கிறார்? வேண்டுமென்றே பந்தை விலக்கி விலக்கி எறிந்து, அடுத்த இரண்டு பேரையும் அடிக்காமலே சும்மா முதல் தளத்துக்கு நடக்க விடுகிறார். மூன்று தளத்திலும் ஆட்கள். இப்போது அடிக்க வருபவர் யார்? கிப்சன்! அந்த நாட்டிலேயே மிக ஆபத்தான ஆள். அவருக்காகத்தான் இவர் இடம் ஒழுங்கு பண்ணியிருக்கிறார். மனேஜர் தலையில் கை வைக்கிறார். பேஜ் ஒவ்வொரு பந்தையும் எங்கே எறியப் போகிறேன் என்று கிப்சனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு எறிகிறார். ஒன்று. இரண்டு. மூன்று. கிப்சன் மட்டையை அசைக்கவே இல்லை. அவுட்.

அன்றைய செய்தித்தாள்களைத் தேடிப் படித்த ஆராய்ச்சிக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்கள் சும்மா இருப்பார்களா? மூன்று தளமும் நிறைந்திருந்தது உண்மை, கிப்சன் ஸ்ட்ரைக் அவுட் ஆனதும் உண்மை. ஆனால் வேண்டுமென்று நடக்க விட்டதற்குச் சான்று இல்லை, அந்த மூன்று பேரும் ஒழுங்காக அடித்துத்தான் தளம் ஏறினார்கள் என்கிறார்கள். இருக்கட்டும். ஐம்பது தரம் பேஜே சொன்ன கதை. ஒவ்வொரு தரமும் கொஞ்சம் வளர்ந்திருக்கும். அவருடைய ஆட்டங்களைப் பெரிய பத்திரிகைகள் எழுதாமல் விட்டன, எண்களை யாரும் ஒழுங்காகச் சேர்க்கவில்லை. ரூத்துக்குக் கணக்குப் புத்தகம் இருந்தது, பேஜுக்கு வாய் மட்டும்தான் இருந்தது. கணக்கு எழுதப்படாத மனிதனைக் கணக்கை வைத்து எப்படி அளப்பது, சொல்லுங்கள்.

சரி, இப்போது கார்ட்டூன்.

எண்பதுகளின் கடைசியில் இந்த நாட்டுக்கு வந்தவர்களுக்குச் சனிக்கிழமைக் காலை ஞாபகம் இருக்கும். இரவு வேலை முடித்து வந்து கண் எரிச்சலோடு படுக்கப் போனால், பிள்ளைகள் போர்வையோடு ரீவிக்கு முன்னால். பக்ஸ் பனி என்ற அந்த முயல் கரட்டைக் கடித்துக்கொண்டு கதைக்கும். நானும் கொஞ்சம் இருந்து பார்ப்பேன். பிறகு பிள்ளைகள் எழும்பிப் போன பின்பும் நான் இருந்து பார்ப்பேன். பேஸ்போல் விதிகளில் முக்கால்வாசி எனக்கு அந்த முயல் சொல்லித் தந்ததுதான்.

அதில் ஒன்று 1946இல் வந்தது. ஃபிரிஸ் ஃபிரெலெங் இயக்கியது, பெயர் ‘பேஸ்போல் பக்ஸ்’. ஏழெட்டு நிமிடம்தான் ஓடும். ஒரு பக்கம் மலை மலையான கொரில்லா முகக்காரர்கள், மறுபக்கம் தொண்ணூறு வயதுத் தாத்தாக்கள். தாத்தாக்கள் உதை வாங்குகிறார்கள். வெளிக்களத்தில் ஒரு பொந்துக்குள் இருந்து முயல் நையாண்டி பண்ணுகிறது. உனக்கு அவ்வளவு வாயா என்று கொரில்லாக்கள் அதையே பிடித்து ஆடவிடுகிறார்கள். ஒன்பது இடத்திலும் முயல் ஒன்றேதான். தானே எறிந்து, தானே ஓடிப் போய்ப் பிடித்து, தனக்குத் தானே கைதட்டி ஆடுகிறது. ஒரு கட்டத்தில் மெதுவான பந்து ஒன்றை விடும். பந்து காற்றில் நடந்து வருவதற்குள் மூன்று கொரில்லாக்களும் வரிசையாக வந்து, ஆளுக்கு மூன்று தரம் வீசி, மூன்று பேரும் அவுட். ஒரே பந்துக்கு!

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு பேஜைப் பற்றி வாசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. வெளிக்களத்து ஆட்களை உட்கார வைத்துவிட்டுத் தனியே ஆடுவது, அடிப்பவன் மட்டையைச் சுழற்றி முடிந்த பிறகு பந்து வந்து சேர்வது, வாயாலேயே எதிரியைப் பாதி தோற்கடிப்பது. முயல் செய்ததில் கொஞ்சம் குறைத்தால் பேஜ். அந்தப் படம் வந்தபோது பேஜுக்குப் பெரிய லீக்கில் இன்னும் இடம் இல்லை. ஒரு முயலை இறக்கலாம், அவரை இறக்க முடியாது.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1948இல், 42 வயதில் அவரை கிளீவ்லண்ட் எடுத்தது. கிழவரைக் கொண்டுவந்து வேடிக்கை காட்டுகிறார்கள் என்று எழுதினார்கள். ஆறு வெற்றி, ஒரு தோல்வி, அந்த வருடம் அணி உலகத் தொடரை வென்றது. நின்று எறிகிற அந்தப் பந்தை விதிக்கு மாறானது என்று லீக் தடுத்தது. 1965இல், 59 வயதில், இன்னொரு அணி அவரைக் கொண்டுவந்து மைதானத்து ஓரத்தில் ஆடும் கதிரையில் இருத்தி, பக்கத்தில் ஒரு தாதியையும் நிறுத்தியது, ஆட்களைச் சிரிக்க வைக்க. எழும்பிப் போய் மூன்று இன்னிங்ஸ் எறிந்தார். ஒரு ஹிட், ஓட்டம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

எனவே என்னைக் கேட்டால், என் அளவுகோல் இதுதான்: செய்ததைக் கார்ட்டூனாக வரைந்தால்கூட, ‘இது கொஞ்சம் ஓவர்’ என்று சொல்ல வைக்கிற ஆள் யாரோ அவர்தான் பெரியவர். மகன் இதை அளவுகோலாக ஏற்பதில்லை. ஏற்க வேண்டாம்.

அந்த அளவுகோலில் பேஜுக்கு அடுத்து நடுக்கள ஆட்டக்காரர் வில்லி மேஸ். முயல் ஆடியதாகக் காட்டுகிற மைதானம் நியூயோர்க்கின் போலோ கிரவுண்ட்ஸ். நடுக்களம் 480 அடிக்கும் மேல், ஓடினால் களைத்துப் போகிற தூரம். முயல் கடைசிப் பந்தைப் பிடிக்க ராக்சி, பஸ் எல்லாம் எடுத்துப் போய், உயர்ந்த கட்டடத்தின் கொடிக்கம்பத்தில் ஏறிக் கையுறையைத் தூக்கி எறிந்து பிடிக்கும். 1954 உலகத் தொடரில், அதே மைதானத்தில், மேஸ் பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடுக்களச் சுவர்ப் பக்கம் ஓடி, தோளுக்கு மேலாக வந்து விழுந்த பந்தைப் பிடித்தார். ராக்சி இல்லாமல்! பிடித்த கையோடு திரும்பி எறிந்ததுதான் இன்னும் பெரிய வேலை, அதை ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். மேஸ் 2024 ஜூனில், 93 வயதில் போய்ச் சேர்ந்தார்.

அதே 2024இல்தான் நீக்ரோ லீக்குகளின் எண்களைப் பெரிய லீக் கணக்கில் சேர்த்தார்கள். ஜோஷ் கிப்சனின் சராசரி, அதாவது அடிக்க நின்ற தரங்களில் எத்தனை பங்கு ஹிட் என்ற கணக்கு, .372, டை கொப்பின் .367. தொண்ணூறு வருடத்துக்கு முன் 222 வாக்கு வாங்கியவர் இரண்டாவது இடத்துக்கு வந்தார். அந்த லீக்கில் ஆட்டங்கள் குறைவு, எப்படி ஒப்பிடுவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆட்டங்கள் ஏன் குறைந்தன என்பதும் கேள்விதானே? கிப்சன் 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார். ரொபின்சன் புரூக்ளினில் இறங்க இன்னும் மூன்று மாதம் இருந்தது.

தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம். இப்போது ஆடுகிற ஜப்பானியர் ஒட்டானியைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். ரூத்தைப் போல் எறியவும் அடிக்கவும் செய்கிறார், 2024இல் 54 ஹோம் ரன், 59 தளத் திருட்டு, அதாவது பந்து அடிபடாமலே அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவது. அவ்வளவுதான் சொல்லலாம், மிச்சம் நீங்கள் ரீவியில் பார்க்கிறீர்கள்.

படக்கதைப் பையன் சார்லி பிரவுனையாவது சொல்லாமல் போக மாட்டேன். தோற்றுக்கொண்டே இருக்கிற அணியில் பந்து எறிபவர், அவருடைய நாய் ஸ்னூப்பி. 1973 கோடையில் ஹாங்க் ஆரன் ரூத்தின் 714 ஹோம் ரன்னை நெருங்கிக்கொண்டிருந்தார். கறுப்பர் ஒருவர் ரூத்தைத் தாண்டுவதா என்று கொலை மிரட்டல் கடிதங்கள் அவருக்குக் கட்டுக் கட்டாக வந்தன. அந்த ஓகஸ்டில் சார்ல்ஸ் ஷுல்ஸ் தன் படக்கதையில் ஸ்னூப்பியையும் ரூத்தின் சாதனைக்கு ஒரு ஹோம் ரன் தூரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். நாய்க்கும் வசைக் கடிதம் வரத் தொடங்கியது! பத்திரிகையில் தலையங்கம் எழுதியவர்களை விட அது நன்றாகத் தைத்தது என்பது என் எண்ணம். நாயால் முடியவில்லை, அது அடிக்க நின்ற நேரத்தில் சார்லி பிரவுன் இரண்டாவது தளத்தில் பிடிபட்டு ஆட்டத்தை முடித்துவைத்தார். ஆரன் 1974 ஏப்ரல் 8ஆம் திகதி அட்லாண்டாவில் 715ஐ அடித்தார், இருபது வருடத்துக்கு மேல் ஆடி 755இல் நிறுத்தினார். அவரைப் பற்றி இரண்டு வசனத்தோடு விடுவது அநியாயம், ஆனால் செய்தி வாசிக்கிற பிள்ளை கதவடியில் வந்து நிற்கிறா. டெட் வில்லியம்ஸ் என்ற இன்னொரு பெரிய அடிகாரரும் சொல்லப்படாமல் அப்படியே நிற்கிறார். நீங்கள் யாருடைய பக்கம் என்று நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். ரூத் என்று சொல்பவர்களை என் மகனோடு இணைத்துவிடுகிறேன். வணக்கம்.