1984 நாவலில இருக்கிற சொக்லட் கணக்கு: எங்கட பக்கத்தில ஒரு பிரதி ஏன் இருக்கவேணும்?

வணக்கம். 1984 நாவலைப் பற்றிக் கதைக்கிற ஆக்கள் கூடுதலா எடுக்கிறது அந்தச் சுவர்த்திரையைத்தான். வீட்டுக்குள்ள இருந்தே கண்காணிக்கிற திரை, பெரியண்ணன், அதெல்லாம். இண்டைக்கு அதை விடுவம். ஜோர்ஜ் ஓர்வெல்ட அந்தப் புத்தகம் 1949 இல வந்தது. அதில ஆகப் பயம் தாற இடம் ஒரு சொக்லட் கணக்கு.

கதையின்ட நாயகன் வின்ஸ்டன் ஸ்மித் வேலை செய்யிறது உண்மை அமைச்சில, பதிவுப் பிரிவில. அந்த வருஷம் சொக்லட் பங்கீட்டைக் குறைக்கமாட்டம் எண்டு அரசாங்கம் முதல்லயே வாக்குக் குடுத்திருந்தது. பிறகு 30 கிராமை 20 கிராமாக் குறைக்க முடிவாகுது. இப்ப வின்ஸ்டன் செய்யவேண்டியது, பழைய பத்திரிகையில இருந்த வாக்குறுதியை எடுத்துப்போட்டு, 'ஏப்ரல் அளவில குறைக்கவேண்டி வரலாம்' எண்ட எச்சரிக்கையை வைக்கிறது. அந்த நாள் பத்திரிகை திரும்ப அச்சாகும். கோப்பில இருந்த பழையது நெருப்புக்குப் போகும், திருத்தினது அந்த இடத்தில ஏறும். குறைப்பை அறிவிச்ச அடுத்த நாளே, பங்கீட்டை 20 கிராமுக்கு 'உயர்த்தினதுக்கு' நன்றி சொல்லி ஊர்வலம் நடந்தது எண்டு திரையில செய்தி வருது. சனம் நம்புது. ஏனெண்டா நேற்றைய பத்திரிகை ஒருத்தர்ட கையிலயும் இல்லை.

அதால இந்த நாவலைப் படிச்சா முதல்ல பழகவேண்டியது, இரண்டாவது பிரதி வைக்கிறது.

ஒரு அரச இணையத்தளத்தில அறிவித்தல் ஒண்டு பார்க்கிறீங்க எண்டு வைப்பம். போன்ல ஸ்கிரீன்ஷொட் எடுத்து வாட்ஸ்அப்பில போடுறது காணாது. ஸ்கிரீன்ஷொட்டில முழு முகவரியும் விழாது. வாட்ஸ்அப் படத்தை அமுக்கி, எடுத்த நேரம் மாதிரியான விபரங்களையும் உதிர்த்துவிடும். கணினியில திறந்து, பிரின்ட் கொடுத்து, பீடிஎஃப் ஆ சேமியுங்க. அச்சு அமைப்பில தலைப்பு, அடிக்குறிப்பு எண்ட பெட்டியில சரி போட்டாத்தான் முகவரியும் திகதியும் தாளில வரும். பிறகு அதே முகவரியை, இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கிற வேபேக் மெஷின் எண்ட தளத்தில குடுத்து ஒரு பிரதி எடுக்கச் சொல்லுங்க. உங்கட பீடிஎஃப்பை நீங்களே திருத்தினீங்க எண்டு ஒருத்தர் சொன்னா, வெளியில இருக்கிற அந்தப் பிரதிதான் பதில். அதில இரண்டு ஓட்டை இருக்கு. லொகின் கேக்கிற பக்கத்தை அது எடுக்காது. பக்கத்தில இணைச்சிருக்கிற பீடிஎஃப் கோப்பையும் எடுத்திருக்கும் எண்டு நம்பவேணாம், அந்தக் கோப்பின்ட முகவரியைத் தனியாக் குடுங்க. ஆக்களுக்கு அனுப்பவேணும் எண்டா, வாட்ஸ்அப்பில படமா இல்லாம டொகியுமென்டா அனுப்புங்க, கோப்பு மாறாமப் போகும்.

எல்லாத்தையும் ஒரே இடத்தில வைக்கிறது பெரிய பிழை. அது எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1981 இல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சபோது 97,000 அளவில நூல்கள் போச்சு. அச்சுப் புத்தகத்துக்கு வேற எங்கயாவது ஒரு பிரதி இருந்திருக்கும். வேற படியே இல்லாத ஓலைச்சுவடி போனா போனதுதான். 2005 இல இருந்து 'நூலகம்' எண்ட பேரில ஒரு திட்டம் பழைய தமிழ்ப் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் ஸ்கான் பண்ணி இணையத்தில வைக்குது எண்டா, அந்த வேலையின்ட பெறுமதி இதுதான். கொழும்பில இருக்கிற ஆக்களுக்கு கொழும்பு 7, பிலிப் குணவர்தன மாவத்தையில, பழைய அரச ஆவணங்களை வச்சிருக்கிற தேசிய சுவடிகள் திணைக்களமும் இருக்கு.

அடுத்தது சொல். நாவல்ல புதுமொழி எண்டு ஒண்டை உருவாக்குவாங்க, சொற்களைக் குறைச்சு யோசனையைக் குறைக்க. இலங்கைச் சட்டப் புத்தகத்தைத் திறந்தா சொல் எப்படி நழுவும் எண்டு விளங்கும். 1979 இன் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்ட பேரிலயே 'தற்காலிக ஏற்பாடுகள்' எண்டு இருக்கு. முதல்ல 3 வருஷத்துக்கு எண்டுதான் வந்தது. 1982 திருத்தம் அந்தக் கால எல்லையை எடுத்தது. பேரில தற்காலிகம் அப்படியே நிண்டுது. ஒரு சட்டம் எவ்வளவு காலத்துக்கு எண்டு பார்க்கவேணும் எண்டா பேரைப் பார்க்காதீங்க, திருத்தச் சட்டங்களைத் தேடிப் பாருங்க.

தமிழில வாசிக்கிற எங்களுக்கு இன்னொண்டும் இருக்கு. பாராளுமன்றச் சட்டங்கள்ட கடைசிப் பிரிவுக்குப் போங்க. சிங்கள, தமிழ் உரைகளுக்கு இடையில முரண் வந்தா சிங்கள உரையே மேலோங்கும் எண்டு இருக்கும். அதால தமிழ் உரையில ஒரு வசனம் குழப்பமா இருந்தா ஊகிக்கவேணாம். அதே பிரிவு இலக்கத்தைச் சிங்களத்தில எடுத்து, தெரிஞ்ச ஒருத்தரோட பக்கத்தில பக்கத்தில வச்சு வாசியுங்க.

வின்ஸ்டன்ட நாட்டில இல்லாத ஒரு சாமான் எங்களிட்ட இருக்கு: 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். கேட்ட தகவலை வேணுமெண்டு அழிக்கிறது, மாத்திறது, மறைக்கிறது அதில குற்றம். பாவிக்காட்டி அது வெறும் தாள்.

தகவல் வேணுமெண்டா, அது இருக்கிற அரச நிறுவனத்தின்ட தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு கடிதம் எழுதவேணும். அதைத் தமிழிலயே எழுதலாம். ஏன் கேக்கிறீங்க எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத ஏலாதவர் வாயால சொன்னா, தகவல் உத்தியோகத்தர்தான் எழுதி எடுக்கவேணும். கேள்வி எப்படி இருக்கிறது எண்டதுதான் முக்கியம். 'ஏன் இப்படிச் செய்தீங்க' எண்டு கேட்டா பதில் வராது, சட்டம் தாறது பதிவை, விளக்கத்தை இல்லை. 'இந்தத் திகதிக்கும் இந்தத் திகதிக்கும் இடையில, இந்த விஷயம் பற்றிய கூட்டக் குறிப்புகளின் பிரதி' எண்டு கேளுங்க. ஒரு கடிதத்தில ஒரு விஷயம். பதிவுத்தபால்ல அனுப்பி, பற்றுச்சீட்டைப் போட்டோக்கொப்பி எடுத்து வையுங்க, சில பற்றுச்சீட்டுத் தாளில எழுத்து மங்கிப்போகும்.

தாறதா இல்லையா எண்ட முடிவுக்கு 14 வேலை நாள். சனி, ஞாயிறு, போயா கணக்கில வராது, கலண்டரில அடையாளம் போட்டு எண்ணுங்க. அந்த நாள் கடந்தும் சத்தமில்லை எண்டா காத்திருக்கவேணாம். நேரம் தவறினதையே காரணமா வச்சு, 14 நாளுக்குள்ள அதே நிறுவனத்தில மேன்முறையீட்டைப் பார்க்கிற 'குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு' மேன்முறையீடு எழுதலாம். அவருக்கு 3 கிழமை இருக்கு. அங்கயும் சரிவராட்டி 2 மாதத்துக்குள்ள தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகவேணும். முதல் கடிதத்தின்ட பிரதியும் பற்றுச்சீட்டும் அங்கதான் தேவைப்படும்.